நாலாவது ஹைட்ரஜன்

“டீச்சர், ஒரே பொருளுக்கு ரெண்டு பேரு சொந்தக்காரங்களா இருக்க முடியுமா?”

“முடியாதுன்னா குடிக்கத் தண்ணியே இருந்திருக்காது, பேராச்சியக்கா.”

கேட்ட பேராச்சி, தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற சாலையோரம் வீட்டு முன்பக்கத்திலேயே ரவிக்கை தைக்கும் கடை வைத்திருப்பவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பதில் சொன்ன ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர். பேராச்சியைவிட இருபது வயது சிறியவர். அதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் பள்ளிக்கூட ஆய்வகத்தைத் திறந்து வைத்திருப்பார். படிப்பை விட்டுப் பல காலமான பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து, தோன்றியதைக் கேட்கலாம். பதில்தான் சுலபத்தில் கிடைக்காது. எதையாவது எடுத்துக் கலக்கிக் காட்டுவார், இல்லையென்றால் திருப்பிக் கேட்பார், அதுவும் இல்லையென்றால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுவாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பேராச்சி மட்டும் விடவில்லை. ஒரு தடவை வாடிக்கைக்காரியின் ரவிக்கையில் இருந்த மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறை ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. வாடிக்கைக்காரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். நியாயம் கேட்க வந்த பேராச்சியின் கையில் டீச்சர் ஓர் எலுமிச்சைத் துண்டைக் கொடுத்தார். பிழிந்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

ஆய்வகத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். பொருளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டுக் கதை பேசக் கூடாது.

அதனால்தான் பேராச்சி சேலையைப் பற்றி வாய் திறக்காமல், ‘பொருள்’ என்று பொதுவாகப் போட்டுக் கேட்டாள்.

*

சேலை விஷயம் இதுதான்.

பேராச்சிக்குப் பிள்ளை இல்லை. தங்கை உலகம்மாளுக்கு மூன்றாவதாகப் பிறந்த கோமுவை, பால்குடி மறந்த கையோடு வாங்கிக்கொண்டு வந்து வளர்த்தாள். உலகம்மாள் புருஷனோடு பம்பாய்க்குப் போய்விட்டாள். கோமுவுக்குப் பேராச்சி அம்மா, பெற்றவள் சித்தி. எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், ஒளிவுமறைவு கிடையாது.

வருகிற வியாழக்கிழமை கோமுவுக்குக் கல்யாணம். உலகம்மாளும் பம்பாயிலிருந்து வந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வந்தபோது, வழக்கப்படி பெண்ணின் அம்மாவுக்கென்று ஒரு பட்டுச்சேலை கொண்டுவந்தார்கள். நல்ல அரக்கு நிறம், கூடவே ரவிக்கைத் துணி. “பொண்ணோட அம்மாவுக்கு” என்று சொல்லித் தாம்பாளத்தில் வைத்தார்கள். எந்த அம்மாவுக்கு என்று சொல்லவில்லை. அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் திடீரென்று மின்விசிறியைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தத் தாம்பாளம் பேராச்சியின் தையல் மெஷின் மேலேயே இருக்கிறது. ரவிக்கையைத் தைக்க வேண்டியவள் அவள்தான். வெட்ட வேண்டுமென்றால் அளவு வேண்டும். உலகம்மாள் உடம்பு வேறு, இவள் உடம்பு வேறு. யார் அளவுக்கு வெட்டுகிறாளோ அவள்தான் அன்றைக்கு மேடையில் அம்மா.

கத்தரியை எடுப்பாள், வைப்பாள். இதே வேலையாகப் போயிற்று.

*

“தண்ணிக்கும் சொந்தக்காரங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்றாள் பேராச்சி.

“பைக்குள்ள பட்டன் இருக்கா?”

“தையக்காரிகிட்டக் கேக்க வேண்டிய கேள்வியா இது?”

டீச்சர் இரண்டு பட்டன்களை வாங்கி, ஒன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார், ஒன்றைப் பேராச்சியின் முன்னால் வைத்தார்.

“நான் ஒரு ஹைட்ரஜன் அணு. நீங்க ஒரு ஹைட்ரஜன் அணு. இந்தப் பட்டன்தான் எலக்ட்ரான். அணுவுக்கு வெளிப்பக்கமா ஓடிக்கிட்டே இருக்கும். ஆளுக்கு ஒன்னுதான் இருக்கு. ஆனா ரெண்டு இருந்தாத்தான் நமக்கு நிம்மதி.”

“அது ஏன் ரெண்டு?”

“அதுக்கு இன்னொரு ஞாயித்துக்கெழமை ஆகும். இப்ப உங்களுக்கு ரெண்டு வேணும். என்ன செய்விய?”

பேராச்சி யோசிக்கவே இல்லை. டீச்சரின் பட்டனைச் சட்டென்று எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டு ஆயிட்டு.”

“எனக்கு?”

“ஒன்னுமில்ல.”

“நானும் உங்கள மாதிரியே ஹைட்ரஜன். உங்களுக்கு இருக்குற பலம் எனக்கும் இருக்கு. நீங்க பறிக்கிற வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு இருப்பேனா?”

பேராச்சி பட்டனைத் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடையதையும் சேர்த்து டீச்சர் பக்கம் தள்ளினாள்.

“அப்ப நீங்களே வச்சிக்கிடுங்க.”

“இப்ப உங்களுக்கு நிம்மதி வந்துட்டா?”

“இல்ல.”

“வரலைன்னா அப்புறம் எதுக்குத் தள்ளுனிய?”

பேராச்சிக்கு எரிச்சல் வந்தது. பறித்தாலும் தப்பு, கொடுத்தாலும் தப்பு என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? பட்டன்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே காக்கையை எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பேராச்சி இரண்டு பட்டன்களையும் மேஜையின் நடுவில் வைத்தாள். இரண்டின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்தாள். பிறகு டீச்சரின் கையை இழுத்து, அவர் விரல்களையும் அவற்றின் மேலேயே வைத்தாள்.

டீச்சர் திரும்பினார்.

“உங்க கைக்குள்ள எத்தனை?”

“ரெண்டு.”

“என் கைக்குள்ள?”

“ரெண்டு.”

“மொத்தம்?”

பேராச்சி விரலுக்கு அடியில் இருந்த பட்டன்களை மறுபடி எண்ணினாள். “ரெண்டும் ரெண்டும் ரெண்டா? கணக்கு இடிக்குதே டீச்சர்!”

“தனித்தனியாப் பிரிச்சு எண்ணுனா இடிக்கத்தான் செய்யும்.”

“செரி, பாதிப் பாதியா வச்சிக்கிட்டா?”

“பாதி எலக்ட்ரான்னு ஒன்னு கெடையாது அக்கா. வெட்ட முடியாது.”

பட்டுச்சேலையை நடுவில் வெட்டிவிட்டால் என்ன என்று இரண்டு நாள் யோசித்திருந்த பேராச்சிக்கு முகம் கொஞ்சம் சிவந்தது.

“இப்ப எந்திரிச்சுப் போங்க பாப்போம்,” என்றார் டீச்சர்.

“எப்படிப் போக? கைய எடுத்தா எனக்கு ரெண்டும் போயிரும். உங்களுக்கும் போயிரும்.”

“அதான் கட்டு. சகப்பிணைப்புன்னு பேரு.”

பேராச்சி தலையைச் சாய்த்து மேஜைக்கு அடியிலும் எட்டிப் பார்த்தாள். “கயிறு இல்ல?”

“இல்ல.”

“பசை?”

“இல்ல.”

“ஒரு கொக்கி கூடவா இல்ல?”

“ரெண்டு பேருக்கும் வேணும். அதுதான் கொக்கி. ஒரு ஆக்ஸிஜன், ரெண்டு பக்கமும் ரெண்டு ஹைட்ரஜனோட இப்படிக் கைகோத்துக்கிட்டு இருக்குறதுதான் தண்ணி.”

பேராச்சிக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஜன்னலோரம் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அதைக் குடித்திருக்கிறாள், குளித்திருக்கிறாள், துணி நனைத்திருக்கிறாள். உள்ளே இப்படி ஒரு ஏற்பாடு நடப்பது தெரியாமலே போயிற்றே என்று இருந்தது.

அதோடு எழுந்து போயிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். அவளால் முடியுமா? இன்னொன்று கேட்டாள்.

“அப்ப நம்ம ஊரு உப்பும் இப்படித்தானா?”

“இல்ல. உப்பு வேற. சோடியம் தங்கிட்ட இருக்குற ஒன்னக் கொடுத்துரும். குளோரின் வாங்கிக்கிரும். அது அங்கேயே போயிரும், நடுவுல நிக்காது. கொடுத்தது ஒரு மாதிரி ஆயிரும், வாங்குனது வேற மாதிரி ஆயிரும். அதுக்கப்புறம் ஒன்ன ஒன்னு இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்.”

“அதுவும் கட்டுதானே?”

“கட்டுதான். கல்லு மாதிரிக் கட்டு.”

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்புக்கல்லைப் போட்டுக் கலக்கினார். பேராச்சி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கல் சிறுத்தது, பிறகு இல்லாமல் போனது.

“எங்க போச்சு?”

“கொடுத்தது ஒரு பக்கம் போயிட்டு, வாங்குனது ஒரு பக்கம் போயிட்டு.”

பேராச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

*

“நான் உப்பு டீச்சர்,” என்றாள்.

டீச்சர் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“சட்டம் தெரியும். மன்னிச்சிக்கிடுங்க. ஆனா சொல்லாம முடியல.”

சொன்னாள். பிள்ளையை வாங்கி வந்தது, தாம்பாளம் வந்தது, கத்தரியை எடுத்து எடுத்து வைப்பது, எல்லாம் சொன்னாள்.

“பட்டன் கதை ரொம்ப நல்லாத்தான் இருந்துது. நானும் ஆசைப்பட்டுட்டேன். ஆனா அதுல ஆளுக்கு ஒன்னு போட்டாங்கல்லா? நான் என்னத்தப் போட்டேன்? வயித்துல சுமந்தவ அவ. நோவெடுத்துப் பெத்தவ அவ. பால் கொடுத்தவளும் அவ. நான் கைய வீசிக்கிட்டுப் போனேன், பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன். அவ கொடுத்தா, நான் வாங்குனேன். வியாழக்கெழம யாராச்சும் எந்த அம்மான்னு கேட்டாப் போதும், தண்ணி பட்ட உப்பு மாதிரி எல்லாம் கரைஞ்சிரும்.”

பேச்சு முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். டீச்சர் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள்.

டீச்சர் எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். கண்ணாடி மூடி போட்ட இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மூக்கப் பொத்திக்கிடுங்க. கிட்ட வராதிய.”

இரண்டு மூடிகளையும் திறந்தார்.

பாட்டில்களில் இருந்தது வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் இரண்டு வாய்களுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வெள்ளையாகப் புகை எழும்பியது. நெருப்பு இல்லை, சூடு இல்லை. புகை தன் பாட்டுக்குச் சுருண்டு சுருண்டு கிளம்பிக்கொண்டே இருந்தது.

பேராச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரிய நின்றாள். அழுததெல்லாம் மறந்துவிட்டது.

“என்னது டீச்சர் இது?”

“நவாச்சாரம்.”

“ஈயம் பூசுறவன் பாத்திரத்துல தேய்ப்பானே, அதா?”

“அதேதான். அது எப்படிப் பொறக்குதுன்னு சொல்லுதேன், கேளுங்க. இந்தப் பாட்டில்ல இருந்து வாறது அம்மோனியா. நடுவுல நைட்ரஜன், சுத்தி மூனு ஹைட்ரஜன். மூனும் பட்டன் கதை மாதிரி, ஆளுக்கு ஒன்னு போட்டுச் சேந்தது.”

“செரி.”

“அது போக நைட்ரஜன் கைல இன்னொரு ஜோடி எலக்ட்ரான் இருக்கு. ரெண்டுமே அதோடது. யாரும் பங்கு கேக்கல.”

“செரி.”

“அந்தப் பாட்டில்ல இருந்து வாறது அமிலம், ஹைட்ரஜனும் குளோரினும் சேந்தது. அதுல இருந்து ஒரு ஹைட்ரஜன் கெளம்பி வருது. வரும்போது தங்கிட்ட இருந்த ஒரே எலக்ட்ரானையும் குளோரின்கிட்ட விட்டுட்டு வருது.”

பேராச்சி முந்தானையைக் கீழே இறக்கினாள். “அப்ப அதுகிட்ட என்ன இருக்கு?”

“ஒன்னும் கெடையாது.”

“ஒன்னுமே இல்லாமயா வருது?”

“ஒன்னுமே இல்லாம.”

“அத யாரு சேத்துக்கிடுவா?”

“நைட்ரஜன் சேத்துக்கிடுது. தன் ஜோடி ரெண்டையும் தூக்கி நடுவுல வைக்குது. கொடுத்துரல. நடுவுல வைக்குது. ரெண்டு பேருக்கும் ரெண்டு. இப்ப நைட்ரஜனச் சுத்தி எத்தனை ஹைட்ரஜன்?”

“நாலு.”

“அந்த நாலுல ஒன்னுமில்லாம வந்தது எதுன்னு சொல்லுங்க.”

பேராச்சி புகையைப் பார்த்தாள். இதென்ன பிரமாதம், கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாள். தையல்காரி அல்லவா?

“நீளத்த அளந்து பாக்கணும். கடைசியா ஒட்டுப் போட்டது கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்.”

“அளந்திருக்காங்க. நாலும் ஒரே நீளம்.”

“இழுத்துப் பாத்தா? பலமில்லாத தையல் முதல்ல விடும்.”

“நாலும் ஒரே பலம்.”

“பிரிஞ்சு போற நேரம் வந்தா அதுதானே முதல்ல போகும்? வந்தது அப்படித்தானே?”

“நாலுல எது வேணும்னாலும் போகலாம்.”

பேராச்சிக்கு விடுவதற்கு மனசில்லை. “செரி, நைட்ரஜன்கிட்டயே கேட்டா? கொடுத்தவளுக்குத் தெரியாமயா இருக்கும்?”

கொடுத்தவளுக்கு என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

“அதுக்கும் தெரியாது அக்கா.”

புகை ஜன்னல் கம்பிகளுக்கு இடையே வெளியேறிக்கொண்டிருந்தது. பேராச்சி நெற்றியைச் சுருக்கி, நாலு விரலை நீட்டி எண்ணிப் பார்த்தாள். பிறகு, ஏதோ ஏமாற்று வேலை நடக்கிறது என்கிற மாதிரி, டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“இல்ல டீச்சர். எங்கயோ ஒன்னு குறையுது. மூனு பேரு ஆளுக்கு ஒன்னு கொண்டாந்தாங்க, நாலாவது ஆளு கொண்டுவரல. அந்தக் குறை எங்கயாச்சும் இருக்கணும்லா?”

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் பிள்ளைகள் யாரும் இதைக் கேட்டதில்லை போலும்.

“இருக்கு.”

“யாருகிட்ட இருக்கு? அந்த நாலாவதுகிட்டத்தானே?”

“இல்ல. மொத்தத்துக்கும் இருக்கு.”

“நைட்ரஜனுக்கும் சேத்தா?”

டீச்சர் பாட்டில்களை மூடினார்.

“ஜன்னல நல்லாத் தொறந்து விடுங்க. இருமல் வந்துரும்.”

*

பேராச்சி வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. உலகம்மாள் கடைக்குள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தின் மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். வேறு யார், அவள்தான்.

பம்பாயிலிருந்து வந்த நாளிலிருந்து தங்கை இப்படியே தரையில் உட்கார்ந்து ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பது பேராச்சிக்கு இப்போதுதான் உறைத்தது. நடுக்கூடத்துக்கு வந்து ஒரு நாளும் அவள் உட்காரவில்லை.

பேராச்சி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

“எந்திரிட்டி. கையத் தூக்கு.”

“எதுக்குக்கா?”

“ரவிக்கைக்கு அளவெடுக்க.”

உலகம்மாள் பையைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

“எனக்கு வேண்டாம். அது உன் சேல.”

“நீ பெத்தவல்லா.”

“பெத்தேன். பெத்துட்டு ரயில் ஏறிட்டேன்.” உலகம்மாள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். “அம்மை போட்டுக் கெடந்தப்ப வேப்பிலை விரிச்சது நீ. பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டது நீ. பெரிய மனுஷி ஆனப்ப தலைக்குத் தண்ணி ஊத்துனது நீ. அவளுக்கு என்ன கறி பிடிக்கும்னு கூட எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன்க்கா. எல்லாரும் எல்லாத்தையும் செஞ்சு முடிச்ச வீட்டுல நான் சும்மா வந்து நிக்கேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அத நான் கட்டுவேன்?”

பேராச்சி டேப்பைக் கீழே இறக்கினாள்.

“அடிப் பாவி,” என்றாள். “அது நீன்னா நெனச்சிட்டு இருந்த?”

“எது?”

“நான்லாட்டி அது! ஒன்னுமில்லாம வந்தது நான்தான்னுல்லா இம்புட்டு நாளும் நெனச்சிக் கெடந்தேன்!”

உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குக் கல்யாண அலைச்சலில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்து நின்றாள். பேராச்சி சிரித்தாள், சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க நேரமில்லை. நின்ற தங்கையைச் சுற்றி டேப்பை ஓட்டி, மார்பு, இடுப்பு, கை, கழுத்து என்று மளமளவென்று அளந்து முடித்தாள்.

முடித்ததும் டேப்பைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“இப்ப என்ன அள.”

“யக்கா, துணி ஒன்னுதான இருக்கு?”

“ஒன்னுதான். உள்ள தாராளமாத் துணி விட்டு, கொக்கி மாட்ட ரெண்டு வரிசை வச்சுத் தைப்பேன். அள.”

உலகம்மாள் அளந்தாள். பழக்கமில்லாத கை, டேப் நழுவி நழுவி விழுந்தது. பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“செரி, வியாழக்கெழம முகூர்த்தத்துக்கு அதக் கட்டப் போறது யாரு?”

பேராச்சி கத்தரியை எடுத்தாள்.

“காலையில யாரு முதல்ல குளிச்சிட்டு வாராளோ, அவ.”